எனது கல்வித் தத்துவம் (200 சொற்களுக்கு மிகாமல்)

பணியிடைப் பயிற்சியின் மூன்றாம் நாள், பகல் பதினொன்றரை மணிக்கு, டீயும் போண்டாவும் முடிந்த கையோடு எங்கள் எல்லோருக்கும் ஒரு கல்வித் தத்துவம் தேவைப்பட்டது. அதுவரை தேவைப்படவில்லை. முப்பது வருஷமாக அது இல்லாமல்தான் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன். கருவூலத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

கருத்தாளர் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். மேலே கொட்டை எழுத்தில் 'எனது கல்வித் தத்துவம்'. அதன் கீழே '200 சொற்களுக்கு மிகாமல்'. மாலை ஐந்து மணிக்குள் செயலியில் ஏற்றிவிட வேண்டும், ஏற்றாதவர்கள் பெயர் மேலே போகும் என்று வாயால் சொன்னார். மேலே என்றால் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. மேலே போன பெயர்கள் திரும்பி வந்ததில்லை என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

அரை மணி நேரத்தில் அந்த ஹாலில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே தத்துவம் உதித்துவிட்டது. ஞானம் இப்படிக் கூட்டமாக இறங்கியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வாட்ஸ்அப் வழியாக இறங்கியது. 'ஒவ்வொரு குழந்தையும் ஒரு மலர், ஆசிரியர் தோட்டக்காரர், பள்ளி ஒரு பூங்கா' என்று தொடங்கி நீளமாகப் போனது. பரீட்சையில் எட்டிப் பார்த்து எழுதினால் பிள்ளைகளின் தாளைப் பிடுங்குகிறவர்கள் நாங்கள். பக்கத்தில் இருந்த தலைமையாசிரியை அம்மா, "சார், அப்படியே போடாதீங்க, மலரை மொட்டுன்னு மாத்திக்குங்க" என்று யோசனையும் சொன்னார்.

நான் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. நானும் அந்தப் பூங்காவைத்தான் அனுப்பியிருப்பேன். போனில் சார்ஜ் இல்லை. பிளக் பாயின்ட் கிடைக்கும் வரை யோசிக்க வேண்டியதாகிவிட்டது. யோசித்தால் ஐயம்பேட்டைதான் வந்து நிற்கிறது.

தஞ்சாவூர்ப் பக்கத்து ஐயம்பேட்டை இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில், முத்தியால்பேட்டையை ஒட்டி இருக்கும் ஐயம்பேட்டை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தப் பக்கம்தான் போட்டார்கள். விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவு கட்டியிருப்பார்கள். சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். தறிச் சத்தம் வீட்டுக்கு வீடு கேட்கும். அந்தச் சத்தம் நின்றால் ஒன்று நல்ல நாள், அல்லது சாவு.

என் நாலாம் வகுப்பில் ஒரு பையன். பெயர் வேண்டாம். வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே வாரத்தில் ஆறு கட்டம் காலி. கேட்டால் "காய்ச்சல் ஐயா" என்று மற்ற பிள்ளைகள் சேர்ந்திசையாகச் சொல்வார்கள். மூன்று மாதமாக ஒரே பையனுக்குக் காய்ச்சல் என்றால் வைத்தியரைக் கூப்பிட வேண்டும் அல்லது வாத்தியார் போக வேண்டும். நான் போனேன். அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. அந்த வயசில் இதெல்லாம் வரும்.

அவன் வீட்டில் இல்லை. நாலு வீடு தள்ளி, வேறொருவர் தறியில் உட்கார்ந்திருந்தான். காஞ்சிபுரம் பட்டுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் நாடாவுக்கு நாடா கோத்துக்கொண்டே போக வேண்டும். மூன்று நாடா ஓடுகிற வேலையை ஒருவர் இரண்டு கையால் செய்ய முடியாது. நெசவு செய்கிறவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். பெரிய ஆளை உட்கார வைத்தால் பெரிய ஆளுக்கான கூலி கொடுக்க வேண்டும். 'சின்ன விரல்தான் கோர்வைக்கு வாகு' என்று ஊரில் ஒரு சாஸ்திரம் உண்டு. விரல் சின்னது என்பதைவிடக் கூலி சின்னது என்பதுதான் வாகு.

என்னைப் பார்த்ததும் பையனுக்கு எழுந்திருக்கத் தோன்றியது. குழித்தறியில் பாதி ஊடையில் எழுந்திருக்க முடியாது. உட்கார்ந்தபடியே, கை நாடாவில் இருக்க, "வணக்கம் ஐயாஆ" என்றான். வகுப்பில் நான் பழக்கிய ராகம், கடைசி எழுத்து இழுவையோடு.

தறிக்காரர் கெட்ட மனிதர் இல்லை. எனக்கு மோர் கொடுக்கச் சொன்னார். "வாத்தியாரே, நீங்க எழுத்து சொல்லித் தரீங்க, நான் தொழில் சொல்லித் தரேன். ரெண்டும் படிப்புதான? இவங்கப்பன் எங்கிட்ட மூவாயிரம் வாங்கியிருக்கான். நீங்க அதக் கட்டிட்டுப் புள்ளயக் கூட்டிக்கினு போங்க, நான் வேணான்னு சொல்ல மாட்டேன்."

ஒரே மூச்சில் தத்துவமும் கணக்கும். ஆசிரியர் பயிற்சியில் இதைச் சொல்ல ரூசோவுக்கு ஒரு பாடம், காந்திக்கு ஒரு பாடம் என்று தனித்தனியாக ஒதுக்கியிருந்தார்கள். பத்து மதிப்பெண் வினாவாக ரூசோ நிச்சயம் வருவார். குழந்தையை இயற்கையின் போக்கில் வளர்ப்பது பற்றி 1762இல் 'எமீல்' எழுதியவர். பெற்ற குழந்தைகள் ஐந்தையும் அனாதை விடுதியில் கொண்டுபோய் விட்டவரும் அவர்தான் என்பது எங்கள் நோட்ஸில் இல்லை. இருந்திருந்தால் பாடம் மனதில் நன்றாகப் பதிந்திருக்கும். தத்துவம் எப்போதும் அடுத்தவர் பிள்ளைக்கு என்கிற விதியை நான் அப்போதே கற்றிருப்பேன்.

காந்தியின் ஆதாரக் கல்வி 1937இல் வார்தாவில் பேசப்பட்டது. கைத்தொழில் வழியாகப் படிப்பு. புத்தகம் மட்டுமே கண்ட பிள்ளையின் கையில் தக்ளியைக் கொடுத்தால் அது புரட்சி, ஒப்புக்கொள்கிறேன். பால்குடி மறந்ததும் தார் சுற்ற ஆரம்பித்த பிள்ளைக்குக் கைத்தொழிலை யார் போய்க் கற்றுத்தருவது? அவன் கையிலிருந்து அதைக் கொஞ்ச நேரம் வாங்கி வைப்பதுதான் அங்கே புரட்சி.

நான் என்ன செய்தேன் என்று சொல்ல வேண்டும். மூவாயிரம் என் இரண்டு மாதச் சம்பளத்துக்குக் கொஞ்சம் கீழே. மோரைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். மறுநாள் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே கோடு போட்டேன். வந்தான் என்று. அடுத்த நாளும் போட்டேன். எண்ணிக்கை குறைந்தால் ஒரு பணியிடம் போகும், போகிறது கடைசியாக வந்த நானாக இருக்கும். சத்துணவுக் கணக்கும் அந்தக் கோட்டை நம்பித்தான் இருந்தது. பையன் தறியில் கரை கோத்துக்கொண்டிருந்த அதே நேரம், பள்ளிக்கூடத்தில் அவன் பெயரில் கோடு விழுந்துகொண்டிருந்தது. ஆய்வுக்கு வந்தவர் பதிவேட்டைப் புரட்டி, "நூறு சதவீதம், நல்லது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தலைகளை எண்ணவில்லை. கோடுகளை எண்ணினார். அவருக்கும் மேலே அனுப்ப ஒரு படிவம் இருந்தது.

இதற்கு நாற்பது வருஷம் முன்னால் ஒரு முதலமைச்சருக்கு இந்தத் தறிக்காரரின் தத்துவமே தோன்றியது. 1953. ராஜாஜி. கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் தினம் மூன்று மணி நேரம் படிப்பு. மிச்ச நேரம் பிள்ளைகள் வீட்டில் அப்பன் தொழிலைப் பார்த்துக் கற்கட்டும். அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் மாற்றியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம். ஊர் வைத்த பெயர் குலக்கல்வி. பெரியாரும் திராவிடர் கழகத்தாரும் தி.மு.க.வும் எதிர்த்து எழுந்த கதை தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். நியாயமாகச் சொன்னால் ராஜாஜியிடம் ஒரு கணக்கும் இருந்தது: அதே கட்டடம், அதே வாத்தியார், இரண்டு வேளை, இரண்டு மடங்கு பிள்ளைகள். காசில்லாத அரசாங்கத்துக்கு இது கவர்ச்சியான கணக்கு. ஆனால் கணக்கு கிராமத்துக்கு மட்டும். காஞ்சிபுரம் நகராட்சிக்குள் பிறந்தால் முழு நாள் படிப்பு. சில மைல் தள்ளி ஐயம்பேட்டையில் பிறந்தால் முக்கால் பொழுதுக்கும் தறி. அறிவுக்கு எல்லைக்கல் நட்ட திட்டம்.

ராஜாஜியின் அப்பா தொரப்பள்ளியில் கிராம முன்சீப். அப்பன் தொழிலைப் பார்த்துக் கற்றிருந்தால் மகன் தொரப்பள்ளியில் கிஸ்தி வசூலித்துக்கொண்டிருப்பார். அவர் பெங்களூரில் படித்தார், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார், சேலத்தில் வக்கீல் ஆனார், இந்தியாவின் கடைசி கவர்னர் ஜெனரலாக உட்கார்ந்தார். இவ்வளவும் முடிந்த பிறகுதான் அப்பன் தொழிலின் அருமை புரிந்தது. காஞ்சிபுரத்தில் 1909இல், நெசவுச் சமூகமான செங்குந்தர் வீட்டில் பிறந்த ஒரு பிள்ளை பச்சையப்பனில் எம்.ஏ. படித்ததும் அவர் கண்ணெதிரில்தான் இருந்தது. அந்தப் பிள்ளை அண்ணாதுரை. அதே 1953இல் அண்ணாவும் தோழர்களும் தோளில் கைத்தறித் துணி போட்டுத் தெருவில் விற்றுக்கொண்டிருந்தார்கள், நெய்ததை வாங்க ஆளில்லாமல் நெசவாளி பட்டினி கிடந்ததால். அப்பனுக்கே தறியில் சோறு இல்லாத வருஷத்தில், மகனையும் தறிக்குப் போகச் சொன்னது திட்டம்.

பருலேகர் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். திட்டம் நல்லதுதான் என்று குழு சொன்னது. குழுக்கள் அப்படித்தான் சொல்லும். கோர்வையில் உட்கார்ந்த ஒருவரும் குழுவில் உட்கார்ந்ததில்லை. 1954இல் ராஜாஜி போனார், காமராஜர் வந்தார், கல்வியமைச்சர் சி. சுப்பிரமணியம் திட்டத்தைக் கைவிட்டார். படித்தவர் தத்துவம் சொல்லிப் பள்ளி நேரத்தைக் குறைத்தார். அதிகம் படிக்காதவர் தத்துவம் ஒன்றும் சொல்லாமல் மதியச் சோறு போட்டார். எனக்கு அந்தத் தாளில் எழுத ஆசை வந்தது இதைத்தான். 200 சொல்லில் அடங்காது.

திட்டம் செத்தது. ஐயம்பேட்டைத் தெருவில் அது செத்ததாக யாரும் கேள்விப்படவில்லை. அரசாணை எதுவும் இல்லாமலே அது நாற்பது வருஷம் ஓடியது, நான் மோர் குடித்த வீடு வரைக்கும். அதில் மூன்று மணி நேரப் படிப்புகூட இல்லை.

சட்டம் இல்லாமலா? இருந்தது. 1976இல் கொத்தடிமை ஒழிப்பு. முன்பணத்துக்கு ஆளைப் பிடித்து வைப்பது குற்றம். 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம். தடை செய்யப்பட்ட வேலைகளின் பட்டியலில் நெசவும் இருந்தது. குடும்பத்தார் துணையோடு வீட்டுப் பட்டறையில் நடந்தால் தடை இல்லை என்று பக்கத்திலேயே ஒரு கதவையும் திறந்து வைத்தார்கள். காஞ்சிபுரத்தில் வீட்டுக்குள் இல்லாத தறி எங்கே இருக்கிறது? 2016இல் திருத்தம் வந்தது. பதினாலு வயதுக்குள் வேலையே கூடாது என்றது முதல் வரி. பள்ளி விட்ட பிறகும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் 'உதவலாம்' என்றது அடுத்த வரி. குடும்பம் என்றால் யார் என்றும் விளக்கினார்கள்: அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள், அவர்களோடு அப்பாவின் உடன்பிறப்புகள், அம்மாவின் உடன்பிறப்புகள். சித்தப்பா, அத்தை, மாமா, பெரியம்மா எல்லாம் உள்ளே. இதை எழுதியவர் நெசவுத் தெருவில் ஒரு நாள் நடந்ததில்லை. அங்கே மாமா இல்லாதவர் யார்? முன்பணம் கொடுத்த முதலாளியே மாமாதான். கூலி கேட்கும்போது மட்டும் முதலாளி.

2003 ஜனவரியில், நியூயார்க்கில் இருக்கும் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச், இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி ஓர் அறிக்கை போட்டது. காஞ்சிபுரமும் அதில் இருந்தது. ஊரில் கோபம் வந்தது. குழந்தைகளுக்காக இல்லை, வெளிநாட்டுக்காரன் எப்படிச் சொல்லலாம் என்று. எனக்கும் வெட்கமாக இருந்தது: அமெரிக்காவிலிருந்து பார்த்தால் தெரிகிற பையன், நாலு தெரு தள்ளி இருந்த எனக்குப் பதிவேட்டில் 'வந்திருந்தான்'. இரண்டு மூன்று வருஷத்தில் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சேலைக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. கரை கோத்தவர்களில் எத்தனை பேருக்கு மாற்றுச் சான்றிதழ் கிடைத்தது என்பது வேறு இலாகா.

இப்போது நிலைமை மாறிவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறார்கள். சோறும், அரசும், தொண்டு செய்தவர்களும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தாய்மார்களின் வைராக்கியமும் செய்த வேலை அது. "எம் புள்ள இந்தக் குழியில எறங்கக் கூடாது சார்" என்று அவர்கள் சொன்னதற்கு இணையான கல்வித் தத்துவத்தை நான் எந்த நோட்ஸிலும் படிக்கவில்லை. பிள்ளைகள் வளர்ந்து ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். பல வீடுகளில் குழியை மூடி டைல்ஸ் போட்டாகிவிட்டது.

உடனே ஒரு புதிய கூட்டத்துக்கு நெஞ்சு அடைக்க ஆரம்பித்தது. ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாள்; 2015இல் சென்னையில் தொடங்கி வைத்தார்கள், 1905இன் சுதேசி இயக்கத்தை நினைத்து. அன்றைக்கு மேடைக்கு மேடை ஒரே ஒப்பாரி: இளைய தலைமுறை நெசவுக்கு வர மாட்டேன் என்கிறதே, கலை அழிகிறதே, பாரம்பரியம் போகிறதே. பேசுகிறவர் பிள்ளை அமெரிக்காவில் இருக்கும். கேட்கிறவர் பிள்ளை நீட் கோச்சிங்கில் இருக்கும். பொன்னாடை போர்த்துகிற முதலாளியின் பிள்ளை ஏசி வேனில் இன்டர்நேஷனல் ஸ்கூலுக்குப் போகும். அழிகிற கலையைக் காப்பாற்ற எல்லோரும் தயார், நெசவாளி தன் பிள்ளையைக் கொடுத்தால். வேறெந்தத் தொழிலுக்கு இந்த நிபந்தனை உண்டு? டாக்டர் மகன் ஆபரேஷன் தியேட்டரில் பத்து வயசில் கத்தி எடுத்துக் கொடுக்கவில்லையே, வைத்தியக் கலை அழிகிறதே என்று ஒருவரும் அழுது நான் பார்க்கவில்லை. நெசவாளிக்கு வயிறு நிறையக் கூலி கொடுத்துப் பாருங்கள், பி.இ. படித்தவன் தறியில் உட்காருகிறானா இல்லையா என்று அப்புறம் பேசலாம்.

போன வருஷம் ஒரு காட்சி பார்த்தேன். பட்டணத்திலிருந்து பெரிய பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்திறங்கினார்கள். புத்தகப்பை இல்லாத நாளாம், அனுபவக் கல்வியாம். ஒவ்வொரு பிள்ளையும் தறியில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து, நாடாவை ஒரு தள்ளுத் தள்ளி, போட்டோ எடுத்துக்கொண்டது. அதற்குக் கட்டணம் உண்டு. டீச்சரம்மா பூரித்துப்போய், "இது புக்ல கிடைக்காது" என்றார். உண்மைதான். என் நாலாம் வகுப்புப் பையனுக்கு அந்த அனுபவம் வருஷக்கணக்கில் கிடைத்தது, புத்தகம்தான் கிடைக்கவில்லை. அதே தறி, அதே இடம், அதே வயசு. பணம் கொடுத்து உட்கார்ந்தால் அனுபவக் கல்வி, அப்பன் பணம் வாங்கி உட்கார்ந்தால் பேச்சில்லை.

எங்கள் இலாகாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. செயல்வழிக் கற்றல் வந்தது: அட்டை, ஏணிப்படி, தட்டு. முப்பருவம் வந்தது: வளரறி அ, வளரறி ஆ. எண்ணும் எழுத்தும் வந்தது: அரும்பு, மொட்டு, மலர். எல்லாம் நல்ல எண்ணத்தோடுதான். ஜக்கார்டு தறியிலும் இப்படித்தான், அட்டையை மாற்றினால் டிசைன் மாறும். மயில் போய் அன்னம் வரும். மிதிக்கிற கால் மாறாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் எங்களைக் கூப்பிட்டு மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு வராத பிள்ளைக்கு எந்த அட்டை என்று அந்த மூன்று நாளில் ஒருமுறையும் பாடம் இல்லை.

நாலரைக்கு பிளக் பாயின்ட் கிடைத்தது. செயலியைத் திறந்தபோது நினைவுக்கு வந்தது, அந்த ஜூன் மாதச் சேர்க்கையில் நடந்த ஒரு விஷயம். முப்பத்தேழு முப்பத்தெட்டு வயசு ஆள் ஒருவன், கம்பெனி பஸ் டிரைவர் சட்டையோடு, மகளை ஒண்ணாம் வகுப்பில் சேர்க்க வந்தான். எனக்கு அடையாளம் தெரியவில்லை. "வணக்கம் ஐயாஆ" என்றான். இழுவையில் தெரிந்துவிட்டது. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடச் சொன்னேன். எழுத்துக் கூட்டி, நிதானமாக, தன் பெயரைப் போட்டான். எங்கே கற்றாய் என்று நான் கேட்கவில்லை. என்னிடம் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

கிளம்பும்போது மகள் தலையைத் தடவிக்கொண்டே சொன்னான்: "ஒண்ணே ஒண்ணு சார். இவ வர்ற நாளைக்கு மட்டும் கோடு போடுங்க."

குத்தலாகச் சொல்லவில்லை. பீஸ் எவ்வளவு என்று கேட்பது போலத்தான் கேட்டான்.

கட்டத்தில் தட்டினேன்: 'குழந்தை வந்த நாளுக்கு மட்டும் கோடு போடுவது.' ஆறு சொல். அனுப்பு என்று அழுத்தினால் சிவப்பில் எழுத்து வந்தது. குறைந்தது 150 சொற்கள் தேவையாம். ஐந்துக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. கருத்தாளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு என் வரிசைக்கு வந்துகொண்டிருந்தார்.

ஆறு சொல்லையும் அழித்தேன். வாட்ஸ்அப்பைத் திறந்து தோட்டக்காரரை எடுத்து ஒட்டினேன். மலரை மொட்டு என்று மாற்றவும் நேரமில்லை. அழுத்தினேன். என் பெயருக்கு நேரே பச்சையில் ஒரு டிக் விழுந்தது.